கூண்டிலிருந்த அப்பா

1996-இல் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த ஒரு சந்தில், முன்பு டெய்லர் கடையாக இருந்த அறையில், இரண்டு டிவிப் பெட்டிகளை வைத்து ஒரு அண்ணன் வீடியோ கேம் கடை நடத்தினார். அரை மணிக்கு மூன்று ரூபாய். கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருந்தவை முப்பதோ நாற்பதோதான், அவையே திரும்பத் திரும்ப வரும். அதில் நாங்கள் ‘குரங்கு கேம்’ என்று அழைத்த ஒன்று இருந்தது. மற்ற பையன்கள் துப்பாக்கியும் டாங்கியும் கேட்டுச் சண்டை போடும்போது நான் அதைத்தான் கேட்பேன். “இன்னாடா, எப்பப் பார்த்தாலும் குரங்கு?” என்பார் அண்ணன்.

ஒரு குட்டிக் குரங்கு. மேலே கூண்டில் அதன் அப்பா. பக்கத்தில் சாட்டையோடு ஒரு மீசைக்காரன். கொடிகளைப் பிடித்து ஏறி, ஊர்ந்து வரும் பல்முளைத்த பொறிகளிடமிருந்து தப்பி, பழங்களைத் தள்ளி அவற்றின் தலையில் போட்டு, சாவியை எட்ட வேண்டும். இரண்டு கொடிகளை இரு கையாலும் பிடித்தால் வேகமாக ஏறலாம், ஒற்றைக் கொடியில் வேகமாக இறங்கலாம். இது யாரும் சொல்லித் தராமல் கைக்கே பிடிபடும். எங்களுக்கு ராஜகிரிக் குரங்குகளைத் தெரியும் என்பதால் அதில் ஆச்சரியமும் இல்லை. கோட்டைக்குப் போனால் புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு அவை மதிலேறும் விதமும் அதுதான்.

அந்த ஆட்டத்தின் பெயர் டாங்கி காங் ஜூனியர் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நிண்டெண்டோ 1982-இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய வருடம் வந்த டாங்கி காங்கில் ஒரு பெரிய குரங்கு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும், தச்சன் ஒருவன் ஏறிப்போய் மீட்பான். அந்தத் தச்சன்தான் பிறகு உலகமெங்கும் மரியோ ஆனான். அடுத்த ஆட்டத்தில் ஷிகெரு மியாமோட்டோவும் அவருடைய குழுவினரும் கதையை அப்படியே புரட்டினார்கள். வில்லன் கைதியானான், அவன் பிள்ளை நாயகன், மரியோ சிறைக்காவலன். மரியோவை எதிரியாக வைத்து நிண்டெண்டோ செய்த ஆட்டங்கள் மிக அரிது. தோற்றவனின் வீட்டிலும் ஒரு பிள்ளை இருப்பான் என்று நினைத்துப் பார்த்த ஆட்டம் அது. 1983 ஜூலை 15-ஆம் தேதி ஜப்பானில் ஃபேமிகாம் கருவி விற்பனைக்கு வந்தபோது கூடவே வந்த மூன்று ஆட்டங்களில் இதுவும் ஒன்று. அந்த ஃபேமிகாமின் நகல்கள்தான் செஞ்சி வரைக்கும் வந்து சேர்ந்தவை.

நகல் என்று சொல்லிக் கூச்சப்பட வேண்டியதில்லை. முதல் டாங்கி காங்கின் நிரலை எழுதியது நிண்டெண்டோ அல்ல, இகெகாமி சூஷின்கி என்ற நிறுவனம். இரண்டாவது ஆட்டத்துக்கு அவர்களை அழைக்காமல், முதல் ஆட்டத்தின் நிரலைப் பிரித்துப் பார்த்து அதன்மேல் ஜூனியரைக் கட்டினார்கள். 1983-இல் இகெகாமி வழக்குப் போட்டது, 1990-இல்தான் சமரசமானது. அதே காலத்தில் அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டுடியோ, கிங் காங் தன்னுடையது என்று நிண்டெண்டோ மேல் வழக்குப் போட்டுத் தோற்றது. யாருடைய குரங்கு என்பதற்கே இத்தனை பஞ்சாயத்து. நாங்கள் மூன்று ரூபாய்க்கு ஆடியது அந்த வரிசையில் கடைசி நகல்.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கதை உண்டு. தேசிங்கு ராஜன் கதைப்பாடலில், டில்லி பாதுஷாவின் அடங்காக் குதிரை பாராசாரியை அடக்க முடியாமல் போனதால் தேசிங்கின் தகப்பன் சிறையில் கிடக்கிறான். சிறுவன் தேசிங்கு டில்லிக்குப் போய்க் குதிரையேறி அப்பனை மீட்டுக்கொண்டு வருகிறான். வரலாறு வேறு. கோட்டைக்குப் பொறுப்பாக இருந்த புந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங் 1714-இல் இறந்தார். மகன் தேஜ் சிங், கப்பப் பாக்கி கேட்டு வந்த ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்து அதே வருடம் அக்டோபரில் மாண்டார். வயது இருபத்திரண்டு. ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. சிறைமீட்பு பாடலுக்கே உரியது. ஜனங்களோ அந்தப் பையனைச் சாவதற்கு முன் ஒரு முறையாவது அப்பனை மீட்க வைத்துப் பார்த்தார்கள். இரண்டு கதைகளிலும் மிருகம் இல்லாமல் மீட்பு இல்லை. ஒன்றில் குதிரை ஏற்றிக்கொண்டு போகிறது, இன்னொன்றில் குரங்கே பிள்ளை.

நான் அந்த ஆட்டத்தை விடாமல் கேட்டதற்குக் காரணம் இந்தக் கதையெல்லாம் இல்லை. அப்பா 1995-இல் சவூதிக்குப் போயிருந்தார். இரண்டு வருடம் என்று சொல்லித்தான் போனார். அங்கே இறங்கியதும் முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டான் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அம்மா அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானே எடுத்துப் படித்தேன். கடைசிக் கட்டத்தில் ஆறு சாவிகளைச் சங்கிலி வழியே மேலே தள்ளிப் பூட்டுகளில் சேர்க்க வேண்டும். ஆறாவது சாவி பூட்டில் விழுந்ததும் கூண்டு திறக்கும். பிறகு ஒரு நொடி இருட்டு. மறுபடி முதல் கட்டம், அப்பா கூண்டில். அந்த ஆட்டத்துக்கு முடிவு கிடையாது, வேகம் மட்டும் கூடும்.

அப்பா 1999-இல் திரும்பி வந்தார். அதற்குள் எங்கள் வீட்டிலேயே ஒரு செகண்ட் ஹேண்ட் டிவி கேம் இருந்தது. ஒரு மத்தியானம் பாயில் சாய்ந்தபடி நான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கூண்டுல இருக்கறது யாரு?”

“அதோட அப்பா.”

“தொறந்துட்டா?”

“மறுபடி புடிச்சுப் போட்டுடுவான்ப்பா.”

அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, “கடன் இன்னும் இருக்குல்ல” என்றார், எனக்குச் சொன்னாரா தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியாது. அடுத்த வருடம் மறுபடி கிளம்பினார்.

ஜூனியர் 1992-இல் சூப்பர் மரியோ கார்ட்டில் வண்டி ஓட்டினான். 2000-இல் மரியோ டென்னிஸில் தலைகாட்டினான். அதன் பிறகு அவனைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. 1994-இல் பிரிட்டனின் ரேர் நிறுவனம் செய்த டாங்கி காங் கன்ட்ரியில் பழைய கைதி தாடி வைத்துத் தடி ஊன்றிய கிராங்கி காங் ஆகி, எல்லாரையும் குறை சொல்லும் கிழவனாக வந்தார். இன்றைய டாங்கி காங் அவருடைய பேரனா, வளர்ந்துவிட்ட ஜூனியரேதானா என்பதில் ஆட்டம் செய்தவர்கள் பக்கமிருந்தே இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார்கள். அப்பனை மீட்டவன் யார் என்பதுதான் மறந்துபோனது.

போன வருடம், 2025 ஜூலையில், மராத்தியர் ராணுவ நிலப்பரப்பு என்ற தொகுப்பில் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதைச் சாக்கிட்டு அப்பாவை ராஜகிரிக்கு அழைத்துப் போனேன். பாதிப் படியில் அவர் உட்கார்ந்துவிட்டார். “நீ போய்ட்டு வா, நான் இங்கயே இருக்கேன்” என்றார். உச்சிக்கு முன்னால் பாறைப் பிளவின் மேலிருக்கும் பாலம் வரை போய்விட்டுத் திரும்பினேன். அவர் பக்கத்தில் ஒரு தாய்க்குரங்கும் குட்டியும் உட்கார்ந்திருந்தன. அவர் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பாதியாக்கிக் குட்டிக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.