இழந்த தலைமுறை (சீனா)

இழந்த தலைமுறை என்பது, சீனாவில் 1966 முதல் 1976 வரை நடைபெற்ற பண்பாட்டுப் புரட்சியின்போது கல்வியை இழந்து, நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களைக் குறிக்கும் பெயராகும். முதலாம் உலகப் போரில் இளமையைத் தொலைத்த மேற்கு நாட்டவரைக் குறிக்க எழுந்த இத்தொடர், பின்னர் இவர்களுக்கும் வழங்கலாயிற்று.

பின்னணி

இவர்களில் பெரும்பாலோர் 1940களின் இறுதியிலும் 1950களிலும் பிறந்தவர்கள். மக்கள் சீனக் குடியரசின் பள்ளிகளில் மாவோ சேதுங்கைப் போற்றி வளர்ந்தவர்கள். 1966 சூனில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நிறுத்தப்பட்டது, வகுப்புகளும் நின்றன. மாணவர்கள் செங்காவலர்களாகத் திரண்டனர். அவ்வாண்டு ஆகத்து முதல் நவம்பர் வரை மாவோ அவர்களைப் பெய்சிங்கில் எட்டு முறை சந்தித்தார். ஆசிரியர்கள் பொதுவில் அவமதிக்கப்பட்டனர். பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு செங்காவலர் குழுக்கள் தமக்குள்ளேயே ஆயுதங்களுடன் மோதிக்கொண்டன. வன்முறையில் ஈடுபட்டோரும் அதனால் பாதிக்கப்பட்டோரும் இதே தலைமுறையில் இருந்தனர்.

கிராமங்களுக்கு அனுப்பப்படல்

1968 இல் செங்காவலர் அமைப்புகள் கலைக்கப்பட்டன. மூன்று ஆண்டுகளாகப் பள்ளி முடித்தோருக்கு மேற்படிப்பும் இல்லை, நகரங்களில் போதிய வேலையும் இல்லை. அவ்வாண்டு திசம்பர் 22 அன்று, படித்த இளைஞர்கள் ஏழை உழவர்களிடம் மறுகல்வி பெற வேண்டும் என்னும் மாவோவின் ஆணை 'மக்கள் நாளேடு' இதழில் வெளியானது. அதன்பின் 1980 வரை ஏறத்தாழ 1.6 கோடிப் பேர் அனுப்பப்பட்டனர். எய்லோங்சியாங்கின் குளிர்நிலப் பண்ணைகள், உள் மங்கோலியாவின் புல்வெளிகள், யுன்னானின் இரப்பர்த் தோட்டங்கள் முதலியன அவர்கள் சென்ற இடங்கள்.

கிராமம் சென்றவரின் நகரக் குடும்பப் பதிவு நீக்கப்பட்டது. நகரத்தில் உணவுப் பங்கீடும் வேலையும் அப்பதிவைச் சார்ந்திருந்ததால், அனுமதியின்றித் திரும்பி வாழ்வது மிகக் கடினமாயிற்று. உழைப்பு நாள்தோறும் புள்ளிகளாகக் கணக்கிடப்பட்டது. அப்புள்ளிகளால் கிடைத்த தானியம் பலருக்கு ஆண்டு முழுவதும் போதவில்லை. தன் மகனின் பட்டினியைப் பற்றி பூசியான் மாகாணத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் 1972 இல் மாவோவுக்கே கடிதம் எழுதினார். மறுஆண்டு மாவோ 300 யுவான் அனுப்பிப் பதிலளித்தார். அதன் பின்னர் இளைஞர்களின் நிலை குறித்து அரசு ஆராய்ந்து சில சீர்திருத்தங்களைச் செய்தது.

நம்பிக்கை தளர்தல்

மாவோவின் வாரிசாக அறிவிக்கப்பட்டிருந்த லின் பியாவோ, 1971 செப்டம்பரில் நாட்டைவிட்டுத் தப்பும்போது மங்கோலியாவில் விமான விபத்தில் இறந்தார். அவர் துரோகி என்று பின்னர் அறிவிக்கப்பட்டபோது, தாங்கள் நம்பவைக்கப்பட்டவை குறித்துப் பலர் ஐயம் கொண்டனர். பரிந்துரையின் பேரில் பல்கலைக்கழக இடம் அளிக்கும் முறையில் அதிகாரிகளின் பிள்ளைகள் சலுகை பெற்றதும் அந்த ஐயத்தை வளர்த்தது.

திரும்புதல்

மாவோ 1976 இல் மறைந்தார். 1977 திசம்பரில் நுழைவுத் தேர்வு மீண்டும் நடத்தப்பட்டது. ஏறத்தாழ 57 இலட்சம் பேர் எழுதியதில் இடம் பெற்றோர் 2.73 இலட்சம் பேர் மட்டுமே. அதாவது நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. 1978 இறுதியில் யுன்னான் பண்ணைகளில் இளைஞர்கள் வேலைநிறுத்தம் செய்து பெய்சிங்குக்குப் பேராளர்களை அனுப்பினர். அதையடுத்து பெருந்தொகையினர் நகரம் திரும்பினர். அதே ஆண்டு லூ சின்குவா எழுதிய 'வடு' என்ற சிறுகதை, அக்காலத் துயரைப் பேசிய 'வடு இலக்கியம்' என்னும் போக்கிற்குப் பெயர் தந்தது.

பிற்கால வாழ்க்கை

திரும்பியோரில் பலர் வேலைக்காக நெடுநாள் காத்திருந்தனர். 1990களில் அரசுத் தொழிற்சாலைகள் ஆட்குறைப்புச் செய்தபோது, நாற்பது வயதைக் கடந்த, உயர்கல்வி இல்லாத இவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். பதின்வயதில் பறிபோன படிப்பு நடுவயதில் பிழைப்பையும் பறித்தது. மறுபுறம், சென்சி மாகாணக் கிராமமொன்றில் ஏழு ஆண்டுகள் வாழ்ந்த சி சின்பிங் 2013 இல் நாட்டின் அதிபரானார். இத்தகைய உயர்வுகளைச் சுட்டி, அக்காலம் மன உறுதியை வளர்த்தது என்போரும் உளர். எனினும் தேர்வில் இடம் கிடைக்காத பெருந்தொகையினருக்கு இழந்த கல்வியை ஈடுசெய்யும் வாய்ப்பு அரிதாகவே அமைந்தது.