மறைவிலிருந்து உருவும் கை: அமெரிக்கக் கைத்துப்பாக்கிப் பழக்கத்தின் வரலாறு

ஆடைக்குள் மறைத்த கைத்துப்பாக்கியைத் தற்காப்புக்காக உருவுவது இன்று அமெரிக்காவில் கட்டணம் செலுத்திக் கற்கும் பயிற்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வஞ்சகனின் வழக்கம் எனப்பட்டது. 1813இல் கென்டக்கியும் லூசியானாவும் ஆயுதத்தை மறைத்துச் செல்வதைத் தடை செய்தன. வெளிப்படையாக ஏந்துவோரை அச்சட்டங்கள் தொடவில்லை. கென்டக்கிச் சட்டம் 1822இல் பிளிஸ் வழக்கில் செல்லாததாயிற்று. 1850இல் அரசியலமைப்பையே மாற்றி அம்மாநிலம் தடைக்கு மீண்டும் வழி செய்தது. அதே ஆண்டு சாண்ட்லர் வழக்கில் லூசியானா உச்ச நீதிமன்றம், வெளிப்படையாக ஏந்துவது ஆண்மைக்குரிய தற்காப்பு, மறைத்து ஏந்துவது கோழைத்தனமான கொலைக்கு இட்டுச்செல்வது என்ற பொருளில் தீர்ப்பளித்தது. 1865 ஏப்ரல் 14 அன்று ஜான் வில்க்ஸ் பூத் உள்ளங்கையளவு டெரிஞ்சர் பிஸ்டலால் லிங்கனைச் சுட்டது இந்த அச்சத்துக்கு உருவம் கொடுத்தது.

தொடையில் உறை தொங்க எதிரெதிரே நிற்கும் திரைப்பட வீரர்களைக் கொண்டு மேற்குப் பகுதியின் வழக்கத்தை அளப்பது தவறு. 1881இல் டூம்ஸ்டோன் நகருக்குள் ஆயுதம் ஏந்தத் தடை இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று நடந்த ஓ.கே. கொரால் மோதலில் தன் துப்பாக்கி மேலங்கிப் பையில் இருந்ததாக, காவலர் தரப்பில் நின்ற வயாட் எர்ப் பின்னர் வாக்குமூலம் அளித்தார். சட்டத்தின் காவலரே துப்பாக்கியைக் கோட்டுப் பையில் வைத்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

மறைத்து ஏந்தும் பழக்கத்துக்கு மதிப்புத் தேடித் தந்தவர்கள் சீருடை அணியாத துப்பறிவாளர்கள் என்பதே என் முடிவு. 1933 ஜூன் 17 அன்று கான்சாஸ் நகர ரயில் நிலையத்தில் காவலர் மூவரும் கூட்டரசுப் புலனாய்வு முகவர் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு, முகவர்கள் துப்பாக்கி ஏந்தும் அதிகாரத்தை நாடாளுமன்றம் சட்டமாக்கியது. அவர்கள் கோட்டு சூட்டில் நடமாடியதால் உறை இடுப்பில், கோட்டுக்கு அடியில் அமர்ந்தது. கை கோட்டின் ஓரத்தைப் பின்னோக்கி வீசித் தள்ளும். அதே வீச்சில் பிடியைப் பற்றும். துணி தடையின்றி விலகட்டும் என்று பையில் சிறு கனத்தைப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. ஓக்லஹோமாவிலிருந்து வந்த முகவர் ஜெல்லி பிரைஸ் துப்பாக்கி உருவுவதை 1945இல் 'லைஃப்' இதழ் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் துணையுடன் படமெடுத்து வெளியிட்டது. ஒரு காலத்தில் நீதிமன்றங்கள் இகழ்ந்த செயலை நாடு அங்கே வியந்து பார்த்தது.

கோட்டு அணியும் வழக்கம் தளர்ந்து, தொங்கவிட்ட சட்டை பரவியபோது வீச்சு பயன்படவில்லை. ஒரு கை சட்டையின் கீழ்விளிம்பை உயர்த்த, மறு கை உருவும் முறை நிலைபெற்றது. 1983இல் சால்ட் லேக் நகரக் காவலர் டென்னிஸ் டியூலர், கத்தியுடன் ஓடி வருபவர் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார் என்று எழுதினார். உருவும் நேரம் உயிரின் கணக்காயிற்று. ஆனால் அந்த 21 அடியைச் சுடுவதற்கான அனுமதி எல்லையாகப் படித்தவர்கள் அவர் ஆய்வுக்குப் பெரும் தீங்கு செய்தார்கள். அது எதிர்வினை நேரத்தைக் காட்டியதேயன்றி, யாரைச் சுடலாம் என்று சொல்லவில்லை.

சட்டமும் தலைகீழாயிற்று. 1987இல் புளோரிடா, தகுதியுடையோர்க்கு மறைத்து ஏந்தும் உரிமத்தை மறுக்க முடியாதபடி சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் அதே வழியில் சென்றன. 1871இல் கைத்துப்பாக்கி ஏந்துவதையே பெரும்பாலும் தடுத்த டெக்சாஸ் 1995இல் மறைத்து ஏந்த உரிமம் தரச் சட்டம் செய்தது. உரிமம் பெற்றவர் அதே துப்பாக்கியை இடுப்பில் வெளியே தெரியும்படி அணிய, 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.