தங்கவயலின் மொழிகளும் ஓசூர் கேன்டீனும்

ஓசூரில் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வருடம் ஒருமுறை வகுப்பு எடுப்பார்கள். பல மாநிலத்தவர் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று. மொழி வேறு, சாப்பாடு வேறு, பண்டிகை வேறு, ஒருவரையொருவர் மதியுங்கள் என்பார் பயிற்சியாளர். நல்ல பேச்சுதான். சாதி என்ற சொல் மட்டும் அதில் வந்ததே இல்லை. வகுப்பு முடிந்து கேன்டீனில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கேட்பார்: "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று உங்களுக்குத் தெரியும் தோழர்களே.

பல மொழிக்காரர்கள் ஒரே இடத்தில் உழைப்பது இந்த எல்லைப் பகுதிக்குப் புதிதல்ல. ஓசூர் சிப்காட் 1970களில் வந்தது. அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்பே, கிருஷ்ணகிரியிலிருந்து அதிக தூரமில்லாத கோலார் தங்கவயலில் இது தொடங்கிவிட்டது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் தோண்ட இறங்கியது. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரர்கள், இத்தாலியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், பஞ்சாபிக் காவலாளிகள், தெலுங்கர்கள், கன்னடர்கள் எல்லோரும் இருந்தார்கள். வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன நம் மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அன்று சேலத்தோடு இருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஆனால் யார் எங்கே நின்றார்கள்? அதைத்தான் பார்க்க வேண்டும். மேலே வெள்ளையர். நடுவில் ஆங்கிலோ இந்தியர். பூமிக்கு அடியில், பாறை வெடித்துச் சரியும் ஆழத்தில், தூசியை நுரையீரலில் வாங்கிக்கொண்டு நம்மவர்கள். பிற்காலத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே மின்சாரம் வந்துவிட்ட ஊரில், தொழிலாளி இருந்தது மூங்கில் தட்டி வீட்டில். அதிகாரிகளின் பங்களாத் தெருக்களால் அந்த ஊருக்கு 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். காவலுக்குப் பஞ்சாபிலிருந்து ஆள் கொண்டுவந்தார்களே, தொழிலாளியோடு பேச்சுவார்த்தை ஒட்டக் கூடாது என்ற கணக்கு அதில் இல்லாமலா இருந்திருக்கும்?

இந்த அடுக்கை உடைத்தது நிர்வாகத்தின் வகுப்பு அல்ல. தொழிலாளர்கள் தாங்களே கட்டிய இடங்கள்தான் உடைத்தன. அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய 1907ஆம் ஆண்டையொட்டியே மாரிகுப்பத்தில் பௌத்த சங்கக் கிளை வந்துவிட்டது. அவர் 1914இல் மறைந்த பிறகும் அந்த வேலை நிற்கவில்லை. 1926இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். பகலில் பாறை உடைத்தவர்கள் இரவில் பத்திரிகை படித்த ஊர் அது.

1930 ஏப்ரலில் நிர்வாகம் கைரேகை பதியச் சொன்னது. கைரேகை என்றால் அன்று நம் ஜனங்களுக்கு நினைவு வந்தது குற்றப்பரம்பரைச் சட்டம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரலில்தான் துப்பாக்கிச்சூடு நடந்திருந்தது. தங்கத்தைத் திருடிவிடுவோம் என்று ஏற்கனவே உடம்பைச் சோதிக்கிறார்கள், இப்போது விரலையுமா என்று ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். அப்போது அவர்களுக்கென்று நிலைத்த தொழிற்சங்கம்கூடக் கிடையாது. கூலி அல்ல, மானம்தான் முதல் கோரிக்கை. பின்னர் செங்கொடிச் சங்கம் வலுத்தது. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் சுட்டதில் 6 தொழிலாளர்கள் செத்தார்கள்.

2001இல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

ஓசூருக்குத் திரும்புகிறேன். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பேருந்துகள் நின்றுபோய், மூட்டை முடிச்சோடு ஜனங்கள் அத்திப்பள்ளிக்கும் ஜுஜுவாடிக்கும் இடையே நடந்தார்கள். மொழியால் ஒருவரை அந்நியராக்க ஒரு நாள் போதும் என்று அன்று பார்த்தோம். மொழி அடங்கியபோது சாதி அடங்கியதா என்றால், கேன்டீனில் அதே கேள்வி அப்படியே இருந்தது.

இப்போது புதிதாக வருகிறவர்கள் வேறு. ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் சுமார் 6,000 பேருக்கு ஐபோன் தயாரிக்கப் பயிற்சி கொடுத்திருப்பதாக ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2022 நவம்பரில் சொன்னார். ஓசூர் ஆலைக்காக. விடுதி, கம்பெனி பஸ், ஷிப்ட், மறுபடி விடுதி. அவர்களை நம்மில் பலர் 'இந்திக்காரங்க' என்கிறோம். முண்டாரியும் குடுக்கும் தாய்மொழியாக உள்ள பெண்களை! 'காலனிக்காரங்க' என்று நம்மைச் சொன்னவர்களுக்கும் நாம் எந்தக் காலனி என்று தெரிந்துகொள்ளத் தேவை இருந்ததில்லை.

சில மாதங்களுக்கு முன் பஸ் நிற்கும் இடத்தில் துண்டறிக்கை கொடுத்தோம். குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம், புகார்க் குழு எல்லாம் அதில் இருந்தது. ஒரு பெண் வாங்கிப் பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். முழுக்கத் தமிழ். சிரித்துக்கொண்டே மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார்.