குறுந்தூரமும் கனச்சுமையும்: இருபது கிலோமீட்டர் விதியும் மணலிச் சரக்குப் போக்குவரத்தும்

ஓடும் தொலைவுக்கேற்ப வாகனங்களுக்கு வரி விதிக்கலாமா என்னும் விவாதத்தில், தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் 2024 செப்டம்பரில் செய்யப்பட்ட திருத்தம் ஒரு திருப்புமுனையாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது. சுங்கச்சாவடியைக் கடந்ததற்காக அன்றி, உண்மையில் ஓடிய தொலைவுக்காகவே கட்டணம் என்னும் கொள்கையை ஒன்றிய அரசு அன்று ஏற்றுக்கொண்டுவிட்டது என்றும், எஞ்சியிருப்பது செயற்கைக்கோள்வழி இடமறியும் கருவிகளை வாகனங்களில் பொருத்தும் தொழில்நுட்ப வேலை மட்டுமே என்றும் இத்துறை ஆய்வுகளில் ஒரு சாரார் கூறிவருகின்றனர். இவ்வாசிப்பு விதியின் அமைப்புக்கும் பொருந்தவில்லை. வடசென்னைத் துறைமுகப் பகுதியின் போக்குவரத்து இயல்புக்கும் பொருந்தவில்லை. 2024 திருத்தம் தொலைவை வரியின் அளவுகோலாக ஆக்கவில்லை, தொலைவுக் குறைவை விலக்குக்கான காரணமாக ஆக்கியது என்பதே இக்கட்டுரையின் வாதம். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை அப்பகுதியிலுள்ள மணலியைச் சுற்றி ஓடும் கன்டெய்னர் டிரெய்லர்களையும் டேங்கர் லாரிகளையும் வைத்துப் பார்க்கும்போது தெளிவாகக் காணலாம்.

விதியின் அமைப்பு

திருத்தம் சொல்வது சுருக்கமானது. செயற்கைக்கோள்வழிக் கட்டண முறையின்கீழ், தேசிய பெர்மிட் பெற்ற வாகனம் அல்லாத எந்த இயந்திர வாகனமும், நெடுஞ்சாலையின் ஒரே பிரிவில், ஒரு நாளில், ஒவ்வொரு திசையிலும் 20 கிலோமீட்டர் வரை கட்டணமின்றி ஓடலாம். அதற்கு மேல் ஓடினால் உண்மையில் ஓடிய தொலைவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். தேசிய பெர்மிட் என்பது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-ஆம் பிரிவின்கீழ் சரக்கு வாகனங்களுக்கு வழங்கப்படும் அனுமதி. ஆண்டுக்கு ஒரு முறை தொகுப்புக் கட்டணம் செலுத்திவிட்டு மாநில எல்லைகளைத் தடையின்றிக் கடக்க அது வழிசெய்கிறது.

இருபதைத் தாண்டிய வாகனம் முழுத் தொலைவுக்கும் செலுத்த வேண்டுமா, இருபதுக்கு மேற்பட்ட மிச்சத்துக்கு மட்டும் செலுத்தினால் போதுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மிச்சத்துக்கு மட்டும் என்று கொள்வோர் நியாயத்தை முன்வைக்கின்றனர். ஆனால் முதல் இருபதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. உண்மையில் ஓடிய தொலைவு முழுவதற்கும் கட்டணம் என்பதே வாசகத்தின் இயல்பான பொருளாகத் தோன்றுகிறது. அப்படியானால் 20 கிலோமீட்டர் ஓடிய வாகனம் ஒன்றும் செலுத்தாது. 21 கிலோமீட்டர் ஓடிய வாகனம் இருபத்தொன்றுக்கும் செலுத்தும். நீதிமன்றம் நாளை மாறான பொருள் கொள்ளவும் கூடும். எப்பொருள் கொள்ளினும், முதல் இருபது கிலோமீட்டர் கணக்கில் வராத ஓட்டம் என்று விதி கருதுவது மாறாது.

இந்த இருபது எங்கிருந்து வந்தது? 2008-ஆம் ஆண்டின் மூல விதிகளில், சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர் தம் சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கு மாதம் 150 ரூபாய் என்னும் அடிப்படை வீதத்தில் சலுகை அட்டை பெற இயலும். அங்கே இருபது என்பது முகவரியின் அளவு. அண்மையில் வசிப்பவர் அன்றாடம் கடந்தாக வேண்டியிருக்கிறது, ஆகவே அவருக்குச் சலுகை என்பதே அதன் நியாயம். 2024 திருத்தம் அதே எண்ணை எடுத்து, முகவரியிலிருந்து ஓட்டத்துக்கு மாற்றியிருப்பதாகவே கொள்ள வேண்டியிருக்கிறது. எண் நிலைத்தது, அதைத் தாங்கிய நியாயம் உடன் வரவில்லை. பழைய விதி சொந்த வாகனத்தையும் வாணிக வாகனத்தையும் வேறுபடுத்தியது. புதிய விதி அந்த வேறுபாட்டைக் கைவிட்டு, பெர்மிட்டின் வகையைக் கோடாக வரைந்தது. மாநில பெர்மிட்டில் ஓடும் நாற்பது டன் டிரெய்லரும் இவ்விதிப்படி உள்ளூர்க்காரரின் காருக்குரிய சலுகைக்குள் வந்துவிடுகிறது.

பெர்மிட்டும் எல்லையின் அண்மையும்

தேசிய பெர்மிட் வாகனங்களை விதி ஏன் ஒதுக்கியது? அவை நெடுந்தூர வாணிகத்துக்குரியவை என்ற அனுமானம் தவிர வேறு காரணம் விதியில் காணக்கிடைக்கவில்லை. நாட்டின் நடுப்பகுதியில் இவ்வனுமானம் ஓரளவு பொருந்தலாம். மணலியில் அது தலைகீழாகிறது. மாதவரம், செங்குன்றம், நல்லூர் சுங்கச்சாவடி வழியே வடக்கே செல்லும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சிறிது தொலைவிலேயே ஆந்திர எல்லை வந்துவிடுகிறது. எல்லைக்கு அப்பால் தடாவும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையும், மேலும் வடக்கே கிருஷ்ணப்பட்டினம் துறைமுகமும் உள்ளன. மாதத்தில் சில முறை அப்பக்கம் செல்ல நேர்ந்தாலும் தேசிய பெர்மிட் வைத்திருப்பதே உரிமையாளருக்கு எளிய வழி. ஆகவே இவ்வட்டாரத்தில் தேசிய பெர்மிட் நெடுந்தூர ஓட்டத்தின் சான்று அன்று, எல்லை அருகில் இருப்பதன் விளைவு. அதே வண்டி மற்ற நாட்களில் சென்னைத் துறைமுகத்துக்கும், எண்ணூரில் 2001 முதல் இயங்கும் காமராஜர் துறைமுகத்துக்கும், காட்டுப்பள்ளிக்கும், மணலி, மாதவரம், சாத்தாங்காடு யார்டுகளுக்கும் இடையே குறுந்தூரமே ஓடுகிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரே எடையுள்ள இரண்டு டிரெய்லர்கள் ஒரே யார்டிலிருந்து புறப்பட்டு, கட்டணத்துக்குரிய ஒரே நெடுஞ்சாலைப் பிரிவில் 15 கிலோமீட்டர் ஓடுகின்றன. ஒன்றுக்குத் தேசிய பெர்மிட், மற்றொன்றுக்கு மாநில பெர்மிட். விதி முழுமையாக நடைமுறைக்கு வருமாயின், முன்னது பதினைந்துக்கும் செலுத்தும். பின்னது ஒன்றும் செலுத்தாது. தொலைவு ஒன்று, சுமை ஒன்று, சாலைக்கு நேரும் தேய்மானமும் ஒன்று. கட்டணம் மட்டும் வேறு. இதைத் தொலைவுவழிக் கட்டணம் என்று அழைப்பதற்கு என்ன அடிப்படை இருக்கிறது என்பது விளங்கவில்லை.

அச்சுச் சுமை என்னும் விடுபட்ட அளவு

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடத்தப்பட்ட சாலைச் சோதனையிலிருந்து பெறப்பட்ட நான்காம் படி விதி, சாலையின் சேதம் அச்சுச் சுமையின், அதாவது ஓர் அச்சின் வழியே சாலையில் இறங்கும் எடையின், ஏறத்தாழ நான்காம் படிக்கு ஏற்ப உயர்வதாகக் கூறுகிறது. படியின் துல்லிய மதிப்பு சாலையின் வகைக்கேற்ப மாறும் என்று பொறியாளர்கள் எச்சரிப்பது சரியே. ஆனால் போக்கு ஐயத்துக்கு இடமற்றது. இந்தியாவில் 2018 ஜூலையில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான உச்சவரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எடை உயர்வு எட்டில் ஒரு பங்கு. மேற்கண்ட விதிப்படி சேத உயர்வு ஏறத்தாழ 60 விழுக்காடு. 2008 விதிகளின் அடிப்படை வீதங்களோ காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு, இரண்டச்சு லாரிக்கு 2.20 ரூபாய், நான்கு முதல் ஆறு அச்சு வாகனத்துக்கு 3.45 ரூபாய் என்று அமைந்தன. காரைவிடப் பல்லச்சு வாகனம் செலுத்துவது ஐந்து மடங்கை ஒட்டியது. அவற்றின் அச்சுச் சுமைகள் விளைவிக்கும் சேதத்தின் விகிதமோ ஆயிரக்கணக்கில் அமையும். ஏற்றப்பட்ட உண்மையான எடை இவ்வீதங்களில் இடம்பெறவே இல்லை. வெறும் வண்டியும் நிறைந்த வண்டியும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

எடையை அறிய வழியில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. கடல்வழி ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கன்டெய்னரின் சரிபார்க்கப்பட்ட மொத்த எடையையும் கப்பலில் ஏற்றுமுன் அறிவிக்க வேண்டும் என்னும் பன்னாட்டு விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. டேங்கர் லாரிகளில் ஏற்றப்படும் எரிபொருளின் அளவு முனையத்திலேயே பதிவாகிறது. துறைமுக வட்டாரத்தைப்போல எடை ஒழுங்காகப் பதிவாகும் இடங்கள் நாட்டில் அரிது; அப்பதிவு சாலைக் கட்டணத்தைச் சென்றடைவதில்லை.

குறுந்தூரத்தைக் கணக்கில் கொள்ளாத இப்போக்கு சாலைக் கட்டணத்தோடு நிற்கவில்லை. சரக்கு மற்றும் சேவை வரியின்கீழ் 2018 முதல் நடைமுறையிலுள்ள இ-வே பில், சரக்கின் பயணத் தொலைவைக் கிலோமீட்டரில் பதியும் ஆவணம். சுங்க அனுமதிக்காகத் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் சரக்கு நிலையத்துக்குச் செல்லும் சரக்குக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. வெற்றுக் கன்டெய்னர்களுக்கும் விலக்கு உண்டு. எடைமேடைக்குச் சென்று திரும்பும் ஓட்டத்துக்கு 20 கிலோமீட்டர் வரை விலக்கு உண்டு. இவற்றுக்குத் தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், மணலி யார்டுகளின் அன்றாட ஓட்டத்தில் பெரும்பகுதி எந்தத் தொலைவுப் பதிவேட்டிலும் இடம்பெறாமல் போவது தெரிகிறது. குறுகிய ஓட்டம் இலேசான ஓட்டம் என்னும் அனுமானமே இவற்றின் அடியில் கிடக்கிறது. ஆனால் நாட்டின் மிகக் கனமான சுமைகளுள் பல மிகக் குறுகிய தொலைவுகளையே கடக்கின்றன.

இப்போதைய வரிகள் யாரைத் தண்டிக்கின்றன?

தொலைவுவழி வரி துறைமுக வண்டிகளை நசுக்கிவிடும் என்ற முடிவுக்கு இதிலிருந்து வரத் தேவையில்லை. மாறாக, நடப்பு முறையே அவற்றைக் கூடுதலாக வருத்துகிறது. தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம், 1974-இன்படி சரக்கு வாகனங்கள் மொத்த எடைக்கேற்பக் காலாண்டு வரி செலுத்துகின்றன. துறைமுக வாயிலிலும் எண்ணூர் விரைவுச்சாலையிலும் வரிசையில் நின்று, நாளில் ஓரிரு நடை மட்டுமே அடிக்கும் டிரெய்லரும், இரவு பகலாக நெடுஞ்சாலையில் ஓடும் அதே எடையுள்ள லாரியும் அக்காலாண்டில் ஒரே தொகையைச் செலுத்துகின்றன. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் நிற்கும் வண்டியின் சுமையே பெரிது. டீசல் வரியாலும் இது சமன்படுவதில்லை. மாநிலம் 2020-இல் டீசல் மீது 11 விழுக்காட்டோடு லிட்டருக்கு 9.62 ரூபாய் சேர்த்து விதித்தது. வரிசையில் எஞ்சின் ஓடியபடி நிற்கும்போது எரியும் டீசலும் அந்த வரியைச் செலுத்தியே எரிகிறது. மின் வாகனமோ அதை அறவே செலுத்துவதில்லை.

பயன்பாட்டுக்கும் வரிக்கும் உள்ள தொடர்பை நீதிமன்றங்கள் முன்பே ஏற்றுள்ளன. பொதுச்சாலையில் ஓடாமல் சுரங்க வளாகத்துக்குள் மட்டும் இயங்கும் ஊர்திகளைப் பற்றி 1974-இல் போலானி ஓர்ஸ் வழக்கில் வந்த தீர்ப்பும், விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள் மட்டும் இயங்கிய வாகனங்கள் குறித்து 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், பொதுச்சாலையைப் பயன்படுத்தாத வாகனத்துக்கு வாகன வரி பொருந்தாது என்னும் திசையிலேயே செல்கின்றன. பயன்பாடு இல்லையெனில் வரி இல்லை என்று ஏற்றபின், குறைந்த பயன்பாட்டுக்குக் குறைந்த வரி என்பதை மறுக்கும் தர்க்கம் எது?

மாநிலம் இதைச் செய்ய இயலுமா என்ற ஐயத்துக்கு அரசமைப்பின் ஏழாம் அட்டவணையே விடை. வாகனங்கள் மீதான வரி மாநிலப் பட்டியலின் 57-ஆம் இனத்தில் உள்ளது. வரியை அளக்கும் முறை மாறுவதால் வரியின் இயல்பு மாறுவதில்லை. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் மின் வாகனங்களுக்கு விதித்த தொலைவுக் கட்டணத்தை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2023-இல் செல்லாததாக்கியது உண்மை. ஆயினும் அங்கே மாநிலங்கள் ஆயத்தீர்வை விதிக்கக் கூடாது என்னும் தடையே காரணம்; அது இங்கே பொருந்தாது.

இதைவிட முக்கியமானது, வரி யாருக்குச் சேர வேண்டும் என்பது. மணலி எண்ணெய் ஆலைச் சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை, எண்ணூர் விரைவுச்சாலை, உள்வட்டச் சாலையின் வடபகுதி ஆகியவற்றை மேம்படுத்திய திட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இரு துறைமுகங்கள், மாநில அரசு ஆகியவை கூட்டாகப் பங்கேற்றன. உட்சாலைகளோ 2011-இல் மணலியையும் திருவொற்றியூரையும் இணைத்துக்கொண்ட மாநகராட்சியின் பொறுப்பு. தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் எண்ணப்படும் கிலோமீட்டர், சேதம் நிகழும் சாலையின் உடையவருக்கு எதையும் தராது. 1931-ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் உள்ளாட்சிகளின் சாலைச் சுங்கத்தை ஒழித்தபோது, இழந்த வருவாய்க்கு ஈடாக வாகன வரியிலிருந்து அவற்றுக்குத் தொகை வழங்க வகைசெய்தது. அந்த முன்மாதிரி இன்றைய விவாதத்தில் மறக்கப்பட்டிருப்பது வியப்புக்குரியது.

சில மறுப்புகள்

அந்தரங்கம் பற்றிய அச்சம் செயற்கைக்கோள் கருவியைப் பற்றியது, தொலைவு வரியைப் பற்றியது அன்று. நியூசிலாந்து 1978 முதல் கனரக டீசல் வாகனங்களிடம் எடையும் தொலைவும் சேர்ந்த கட்டணத்தைச் சக்கர அளவியைக் கொண்டும் வசூலித்துவருகிறது. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வரும் வாகனத்தின் ஓட்ட அளவியைப் படிப்பதற்கு விண்கலம் தேவையில்லை. அளவியில் மோசடி நடக்கும் என்பதும் வலுவான மறுப்பன்று. மோசடி நடக்காத வரி எதுவும் இல்லை. புறநகர் ஏழைகள் பாதிக்கப்படுவர் என்னும் வாதம் கனரக வாகனங்களோடு தொடங்கும் ஒரு முறைக்குப் பொருந்தாது. வாடகை ஏறும், விலைவாசி ஏறும் என்போர், சாலைச் சேதத்தின் செலவை இன்று மணலிவாசிகள் குழியாகவும் தூசியாகவும் செலுத்திவருவதைக் கணக்கில் சேர்க்க மறக்கின்றனர்.

2025 ஏப்ரலில், செயற்கைக்கோள்வழிக் கட்டணத்தை நாடு முழுவதும் மே 1 முதல் தொடங்க முடிவெடுக்கவில்லை என்று ஒன்றிய அமைச்சகம் விளக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு 15 முதல் சொந்தக் கார்களுக்கு 3,000 ரூபாயில் 200 கடப்புகள் என்னும் ஆண்டு அட்டை வந்தது. அது கிலோமீட்டரை அன்றி மீண்டும் சாவடியையே எண்ணுகிறது. கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது என்னும் வாசிப்புக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

ஓடும் தொலைவுக்கு வரி விதிப்பது சரியே. ஆனால் அது அச்சுச் சுமையோடு பெருக்கப்பட்ட தொலைவாக இருக்க வேண்டும், காலாண்டு வரியின் மேல் ஏற்றப்படாமல் அதன் இடத்தில் வர வேண்டும், சேதமுறும் சாலையைப் பராமரிக்கும் உள்ளாட்சிக்கு அதில் சட்டப்படியான பங்கு இருக்க வேண்டும். கனரக வாகனங்களுக்கு இருபது கிலோமீட்டர் விலக்கும் பெர்மிட் பாகுபாடும் நீக்கப்படும்வரை, 2024 விதியைத் தொலைவுவழிக் கட்டணம் என்று குறிப்பிடுவதை ஆய்வுலகம் நிறுத்திக்கொள்வதே முறை.