வெயில் ஏறினால் பால் நிற்கும்

பத்து காஜா வட்டாரத்துத் தோட்ட வரலாற்றை எழுதச் சொன்னால், மாணவர்கள் பெரும்பாலும் கெல்லி அரண்மனையில்தான் தொடங்குகிறார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித், மதராசிலிருந்து வந்த தொழிலாளர்கள், விஷக்காய்ச்சல், மாரியம்மன் கோயில் என்று பத்திகள் தானாக வந்துவிடும். பால்மரம் மட்டும் பின்னணியில் சும்மா நிற்கும். ஆனால், நம் பாட்டன் பாட்டி எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எந்த மாதம் கையில் காசு குறைந்தது என்பதை எல்லாம் தீர்மானித்ததில் அந்த மரத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

முதலில் மரம் வந்த கதை. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். முளைத்தவை சில ஆயிரம்தான். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பதை பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அப்போது அந்த மரத்தை எப்படி வெட்டுவது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 1890களில் சிங்கப்பூர்ப் பூங்காவின் ரிட்லிதான், மரத்தைக் காயப்படுத்தாமல் அதே கோட்டில் பட்டையை மெல்லியதாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் காட்டினார். அந்தச் சீவலைக் கையில் எடுத்தவர்கள் நம்மவர்கள்.

சரி, ஏன் விடியற்காலை? நாலு மணிக்கு எழுந்து, பிரட்டில் பேர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏன் இருட்டில் நிரைக்குள் இறங்க வேண்டும்? துரைமாரின் கண்டிப்பு என்று மட்டும் பலர் எழுதுகிறார்கள். கண்டிப்பு இருந்தது உண்மை. ஆனால் பழைய வெட்டுக்காரர்களைக் கேட்டால், “வெயில் ஏறிட்டா பால் நின்னுடும்ல” என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்.

அந்த ஒரு வரிக்குள் ஒரு பாடமே இருக்கிறது. இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. பகலில் அவை திறந்தால்தான் கரிவளி உள்ளே போகும், ஒளிச்சேர்க்கை நடக்கும். அதே துளை வழியாகவே நீர் ஆவியாக வெளியே போய்விடும். ஒன்றை வாங்க இன்னொன்றைக் கொடுத்தாக வேண்டும். வெயில் ஏற ஏற, வேர் இழுக்கும் தண்ணீர் இலை இழக்கும் தண்ணீருக்கு ஈடாகாது. தண்டில் அழுத்தம் இறங்கிவிடும். இரவில் துளைகள் மூடிக்கொள்ள, வேர் மெல்ல மெல்ல மரத்தை நிரப்புகிறது. விடியுமுன் பால்குழாய்களில் ஏறக்குறைய 10 வளிமண்டல அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரைதான். அந்த நேரத்தில் பட்டையைச் சீவினால் பால் பீறிட்டு ஓடும். 1960களில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் இதைக் கருவி வைத்து அளந்து எழுதினார்கள். அதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே லயத்து மக்களுக்கு இது தெரியும்.

மங்கில் விழும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். சுத்தமான ரப்பரின் எடையில் நூற்றுக்கு 88 பங்கு கரிமம். அது முழுக்க இலைத்துளை வழியே காற்றிலிருந்து வந்தது. தண்ணீர் மண்ணிலிருந்து வந்தது. காண்டாவில் சுமந்துகொண்டு பால் ஸ்டோருக்கு நடந்தவர்கள் தோளில் இருந்தது காற்றும் மழையும்தான் என்று சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள், ஒப்புக்கொள்வார்கள்.

இனி சம்பளம். ஆண்டின் தொடக்கத்தில், வறண்ட நாட்களில் மரம் இலையைக் கொட்டும். புதுத் தளிர் விடும்போது சேமித்த சர்க்கரையை இலைக்கே செலவு செய்யும், பால் குறையும். எடைக்குக் காசு வாங்கியவர் வீட்டில் அந்த மாதங்கள் நெருக்கடிதான். இன்னொன்று மழை. விடியுமுன் பெய்தால் பட்டை நனைந்து, பால் கோட்டை விட்டு வழிந்தோடும், மங்கில் தண்ணீர் சேரும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பெரும்பாலும் கூலியும் இல்லை. மரத்துக்கு மழை வேண்டும், வெட்டுக்காரருக்கோ விடியற்காலை மழை வேண்டாம். தினக்கூலி முறையில் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தொழிலாளியே தாங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடியதற்கு இது முக்கியமான காரணம். 2001இல்தான் மாதம் 325 வெள்ளி என்ற ஒப்பந்தம் வந்தது. தேர்வில் இந்த ஆண்டை எழுதும் மாணவர், அதற்கு முன்னால் அந்த மழையையும் ஒரு வரி எழுதலாம்.

அதற்குள் பல தோட்டங்களில் பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது. செம்பனைக் குலையைப் பகலிலும் வெட்டலாம், வெயிலால் அது நின்றுவிடாது. நாலு மணி விளக்குகள் அந்தத் தோட்டங்களில் அணைந்தன.