ஒரே செடி, இரண்டு மலை

கடல் கடந்து வந்தான் வெள்ளையன், துரையானான். கடல் கடந்து சென்றான் தமிழன், கூலியானான். ஏன் இந்த வேற்றுமை? தலைவிதி என்பர் சிலர். வரலாற்று ஏட்டைப் புரட்டுவோம், தோழர்களே!

சேலத்திற்கு அருகே வானளாவி நிற்கிறது சேர்வராயன் மலை. அங்கு வாழும் மலையாளிகள் கேரளத்தார் அல்லர். காஞ்சியிலிருந்து குடியேறியோர் தம் முன்னோர் எனக் கூறும் தமிழ்ப் பழங்குடியினர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், அம்மலையில் காப்பிச் செடியை நட்டார். ஐரோப்பியர் பலர் தொடர்ந்து வந்தனர், தோட்டம் கண்டனர், மாளிகை எழுப்பினர். காக்பர்னுக்கு 'ஏற்காட்டின் தந்தை' என்ற பட்டம் கிடைத்தது. காடு திருத்திய கைகளுக்கோ? பெயர்கூட மிஞ்சவில்லை!

அதே 1820-களில் இலங்கையின் கண்டிச் சீமையிலும் காப்பித் தோட்டங்கள் முளைத்தன. அங்கு உழைக்கச் சென்றவர் யார்? சேலம், திருச்சி, தஞ்சை, மதுரை மாவட்டங்களின் ஏழை எளியோர்! பஞ்சம் துரத்தியது, கங்காணியின் முன்பணம் இழுத்தது. மன்னார்க் கரையிறங்கி, காட்டு வழியே மலைநாடு நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே வீழ்த்தின. எஞ்சியோரைப் பிணித்தது 'துண்டு' என்னும் கடன்சீட்டு. கடனை அடைக்காமல் வேறு தோட்டம் செல்ல வழியில்லை. 1921-இல்தான் அம்முறை ஒழிந்தது.

1869-இல் காப்பி இலையில் துருநோய் கண்டது. காப்பி மடிந்தது, தேயிலை தழைத்தது. செடி மாறிற்று, தொழிலாளியின் இருண்ட லயம் மாறவில்லை!

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே வந்த குடியுரிமைச் சட்டம், அம்மலையைப் பொன்விளையும் பூமியாக்கியவர்களில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு! எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தனர். பாகப்பிரிவினையில் பாத்திரமா அம்மக்கள்? எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது.

இடம்பெயர்தல் இழிவன்று, மனிதகுலமே இடம்பெயர்ந்து வளர்ந்ததுதான். சென்ற இடத்தில் ஒருவன் துரையா, கூலியா என்பதை முடிவு செய்தது தலையெழுத்தன்று. நிலமும் சட்டமும் எவர் கையில் இருந்தன என்பதே!

வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் நாம், காக்பர்னின் பெயரோடு அந்தப் பெயரற்றோரின் கதையையும் கூறுவோம். பிழைப்புத் தேடிக் கடல் கடக்கும் இளைஞனே! ஊதியம் எவ்வளவு என்று மட்டும் கேளாதே. உரிமை என்ன என்றும் கேள்!