ஓம் விதி - ஒரு வரிச் சூத்திரத்தின் கதை

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. பள்ளியில் படித்த எல்லோருக்கும் இந்தச் சூத்திரம் மனப்பாடம். இரண்டு எண்களைக் கொடுத்தால் மூன்றாவதைக் கண்டுபிடித்து மார்க் வாங்கிவிடுவோம். ஒன்றை இன்னொன்றால் வகுப்பதில் அப்படி என்ன பெரிய கண்டுபிடிப்பு இருக்கிறது? கதையைப் பார்த்தால் புரியும்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. தானாகவே கணிதம் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவர். ஓம் 1817-ல் கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். அங்கே இருந்தபோதுதான் தன் சோதனைகளைத் தொடங்கினார்.

கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எவ்வளவு குறையும்? இதுதான் அவருடைய கேள்வி. இன்றைய வோல்ட்மீட்டரும் அம்மீட்டரும் அப்போது இல்லை. மெல்லிய உலோகப் பட்டையில் காந்த ஊசியைத் தொங்கவிட்டார். மின்னோட்டம் ஊசியைத் திருப்பும். அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரப் பட்டையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதே அளவு.

பெரிய தலைவலி பேட்டரிதான். அந்தக் கால வோல்ட்டா மின்கலம், அளந்துகொண்டிருக்கும்போதே வலுவிழக்கும். அதனால் 1825-ல் அவர் வெளியிட்ட முதல் கட்டுரையில் சூத்திரமே வேறு மாதிரி, மடக்கையோடு இருந்தது. பொகன்டார்ஃப் என்ற அறிஞர் வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தச் சொன்னார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டு வெப்பநிலைகளும் மாறாதவை. எனவே மின்னழுத்தமும் மாறவில்லை!

வெவ்வேறு நீளமுள்ள எட்டு செம்புக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தார். 1826-ல் விடை கிடைத்தது. கம்பியின் நீளத்தோடு ஒரு மாறா எண்ணைக் கூட்டி, அதனால் இன்னொரு எண்ணை வகுத்தால் மின்னோட்டம் வருகிறது. கூட்டிய எண், சுற்றின் மற்ற பாகங்களின் தடை. வகுபடும் எண், மின்னழுத்தம். வெப்பநிலை வேறுபாட்டைக் குறைத்தபோது மின்னழுத்த எண் மட்டும் குறைந்தது. தடை எண் அப்படியே இருந்தது.

நண்பர்களே, கண்டுபிடிப்பு இதுதான். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் எதற்கும் ஒரு எண் வரும். மின்னழுத்தத்தை மாற்றினாலும் அந்த எண் மாறாது என்பதே விதி. வெப்பநிலை மாறாத உலோகக் கம்பி இதற்குக் கட்டுப்படும். குண்டு பல்பின் இழை சூடாகும்போது தடை ஏறிவிடும். டையோடு கட்டுப்படவே கட்டுப்படாது.

1827-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார் ஓம். பல்கலைக்கழக வேலை கிடைக்கும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. 1828-ல் கொலோன் வேலையையும் விட்டார். 1833-ல்தான் நியூரம்பெர்க்கில் நல்ல பணி அமைந்தது. லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் காப்லி பதக்கம் வழங்கியது. மியூனிக்கில் இயற்பியல் பேராசிரியர் பதவி வந்தது 1852-ல். இரண்டே ஆண்டுகளில் காலமானார்.

இன்னொரு ஆச்சரியம். இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ், தன் உடலில் ஏறும் ஷாக்கையே மீட்டராக வைத்து, 1781-லேயே இதை நெருங்கியிருந்தார். ஆனால் வெளியிடவில்லை. மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளை 1879-ல் அச்சிட்ட பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1881-ல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு, தடையின் அலகுக்கு ஓமின் பெயரையே ஏற்றது. கண்டுபிடித்தால் போதாது, வெளியே சொல்லவும் வேண்டும்!